ஆறாம் வகுப்பும் உன் இடது காதும்

மோகன்,

ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தப் பையன் கதையை நீ சொல்லி முடித்தபோது நான் "ம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் இருந்தது, எனக்குத்தான் நாக்கு எழவில்லை. ஆலங்காயத்துப் பக்கம் நீ வாத்தியாராகச் சேர்ந்து இன்னும் மூன்று மாதம் முடியவில்லை. உன் ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வந்த ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்தவனின் தொடையில் காம்பஸால் குத்திவிட்டான். நீ அவன் அம்மாவை வரச் சொன்னாய். கழனி வேலைக்குப் போகிற அந்தப் பெண் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, "கண்ணு ரெண்ட மட்டும் வுட்டுட்டு தோல உரிச்சிடுங்க சார், நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். "ஒரே ஒரு அறைதாம்மா வுட்டேன். அதோட கப்சிப்" என்றாய். உன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிதான் என்னை மூன்று நாளாகச் சாப்பிட விடவில்லை.

இதைப் போனில் சொன்னால், "அதெல்லாம் பழசும்மா, வுடு" என்று நீ நடுவில் வெட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள், முப்பது வருடமாக ஷூ கம்பெனித் தையல் லைனில் உட்கார்ந்திருப்பவள், எழுத்து எப்படி இருந்தாலும் பொறுத்துக்கொள். இதில் பாதி உன் உடம்பில் நடந்தது. மீதிப் பாதியை நான் உன்னிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண் உன்னிடம் சொன்ன அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன், உன் எட்வின் சாரிடம், நீ ஆறாம் வகுப்பு சேர்ந்த முதல் நாள். நம் ஊர்ப் பள்ளியில் வகுப்புகள் ஐந்தாவதோடு முடிந்துவிடும். அங்கே மொத்தமே ஐம்பது பிள்ளைகள், ஒரே டீச்சர். யாருக்கு மூக்கு ஒழுகினாலும் அந்த அம்மாவுக்குத் தெரியும். ஆம்பூர் ஸ்கூலில் ஆறாவது மட்டுமே ஆறு செக்‌ஷன். உன்னையும் உன் கூட்டாளி இம்ரானையும் அந்தக் கூட்டத்தில் வரிசையில் நிறுத்திவிட்டு, கம்பெனிக்கு லேட்டாகிறதே என்று திரும்பி ஓடப் பார்த்தேன். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுக்கு வந்தா யாரம்மா கேக்கறது?" என்று கேட்டாய். "யாரையாவது கேளு" என்றேன். வாசலில் எட்வின் சார் நின்றிருந்தார். அவர்தான் உன் வகுப்பாசிரியர் என்று யாரோ சொன்னார்கள். நான் போய், கண்ணை விட்டுவிட்டுத் தோலை உரிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் சிரித்து, "நீங்க போய்ட்டு வாங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் நடந்த முதல் பேச்சு அது. அம்மாவாக நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்ற திருப்தியோடு மிஷினில் போய் உட்கார்ந்தேன்.

இரண்டாவது வாரம் நீ உதடு கிழிந்து வந்தாய். கேட்டால், "வுழுந்துட்டேன்". அடுத்த வாரம் சட்டைப் பித்தான் மூன்று காணோம், விரல் முட்டியெல்லாம் தோல் போயிருந்தது. கீழே விழுகிற பிள்ளைக்கு முழங்கால் சிராய்க்கும், விரல் முட்டி சிராய்க்காது. யாரையாவது குத்தினால்தான் அப்படி ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஊரில் அமைதியாக இருந்த பிள்ளை டவுனுக்குப் போய் ரவுடியாகிவிட்டான் என்று முடிவுகட்டிவிட்டேன். அந்த வாரம் உன் டைரியில் எட்வின் சார் எழுதி அனுப்பினார்: "உங்கள் மகன் சக மாணவர்களுடன் அடிதடியில் ஈடுபடுகிறான். கண்டிக்கவும்." குழம்புக் கரண்டியின் காம்பு வளைகிற வரை உன்னை அடித்தேன். காலை மடக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாய். அழவில்லை. நீ அழாதது எனக்கு இன்னும் வெறியை ஏற்றியது. அடித்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, டைரியில் அவர் எழுத்துக்குக் கீழே எழுதினேன்: "நான் கண்டித்துவிட்டேன். நீங்களும் கண்டிக்கவும்." அவர் பிரம்பால் கண்டித்தார். அந்த டைரி இப்படியே ஒரு மாதம் போயும் வந்தும் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் உன் புத்தகப் பையிலேயே வைத்து உனக்கு அடி அனுப்பிக்கொண்டிருந்தோம். அதைச் சுமந்தவனும் நீதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பர்வீன் கம்பெனிக்கு லேட்டாக வந்தாள். உனக்குத் தெரியும், இம்ரானுடைய அம்மா, லைனில் எனக்கு அடுத்த மிஷின். எட்டு வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அவள் உட்காரவில்லை. சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மிஷினுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"உன் புள்ள என் புள்ள வாய ஒடச்சிட்டான்க்கா. முன்னாடி பல்லு ரெண்டு. கர்ச்சீப்புல சுத்தி எடுத்துட்டு வர்றான், 'மா, இத ஒட்ட முடியுமா'ன்னு கேக்கறான். நான் இப்பதான் ஸ்கூலுக்குப் போய் சொல்ட்டு வர்றேன். இனிமே நீ இன்னா வேணா பண்ணிக்கோ. என் மூஞ்சில முழிக்காத."

அன்று காலை எட்வின் சார் உன்னை முழு வகுப்புக்கும் முன்னால் நிறுத்தி அறைந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது நீ கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாய். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக வந்து இடது கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். நீ கட்டில் சட்டத்தில் மோதிக் கீழே விழுந்தாய். மறுபடி தூக்கி மறுபடி அறைந்தேன். "இம்ரான்டா! இம்ரான போய் அடிச்சியாடா!" என்று கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். நீ கையால் காதைப் பொத்திக்கொண்டு, "மா, உள்ள விசில் அடிக்குதும்மா" என்றாய். நடிக்கிறாய் என்று நினைத்தேன். அப்புறம் உன் விரலிடுக்கில் ரத்தம் வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. உங்கப்பா அப்போது ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிற டேனரியில் வேலை. அவருக்குப் போன் போட்டு, வேலூர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். ஸ்கூலுக்கும் போன் போட்டு, பிள்ளைக்குக் காதில் ரத்தம், வேலூருக்குப் போகிறோம் என்று என்னவோ உளறினேன். நாங்கள் காது டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது எட்வின் சார் வந்து நின்றார். சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பஸ் பிடித்து வந்திருக்கிறார். டாக்டர் அம்மா உன் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஜவ்வு கிழிந்திருக்கிறது, யார் அடித்தது என்று கேட்டார். நீ "வுழுந்துட்டேன்" என்றாய். என் மானத்தைக் காப்பாற்றினாய், பதினொரு வயதில். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "நான்தான் டாக்டர்" என்றேன். பின்னாலிருந்து எட்வின் சார், "நானும் அடிச்சேன் டாக்டர். நேத்து காலைல. இதே பக்கம்" என்றார்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எந்த அடியில் கிழிந்தது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் பேனாவை வைத்துவிட்டு, "இவன் எதுக்கு அந்தப் பையன அடிச்சான்னு உங்க ரெண்டு பேர்ல யாராவது கேட்டீங்களா?" என்றார். எட்வின் சார் தலையைக் குனிந்துகொண்டார். நான் உங்கப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

வெளியே வராந்தாவில் உன்னைப் பெஞ்சில் உட்காரவைத்தோம். அந்த மனிதர், அத்தனை ஜனம் போகிற இடத்தில், பேண்ட்டோடு தரையில் உட்கார்ந்தார். உன் முகத்துக்குக் கீழே அவர் முகம். "மோகன், சாரு அடிக்க மாட்டேன். யாரையும் அடிக்க வுடவும் மாட்டேன். இன்னா நடந்துச்சு, சொல்லு" என்றார். தரையை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. அப்புறம்தான் சொன்னாய், ஒவ்வொன்றாக, யாரோ வேறு பையனுக்கு நடந்ததைச் சொல்கிற மாதிரி.

ஸ்கூலுக்குப் பின்னால் பாலாற்று மணல். சாயங்காலம் மணி அடித்ததும் ஒன்பதாம் வகுப்பு விக்கியும் அவன் கூட்டமும் ஆறாவது பசங்களை அங்கே ஓட்டிக்கொண்டு போவார்கள். சீட்டுக் குலுக்கி இரண்டு பேரை எடுத்து "ஜோடி" போடுவார்கள். இரண்டு பேரும் அடித்துக்கொள்ள வேண்டும். யாராவது ஒருவன் முகத்தில் ரத்தம் வராவிட்டால் இரண்டு பேருக்கும் பெல்ட் பக்கிளால் முதுகில் விழும். வெளியே சொன்னால் அடுத்த நாளும் அவன்தான் ஜோடி. வியாழக்கிழமை சீட்டில் உன் பெயரும் இம்ரான் பெயரும் வந்தன. நீங்கள் இரண்டு பேரும் மெதுவாக அடித்து நடித்தீர்கள். விக்கி கண்டுபிடித்துவிட்டான். இம்ரானின் இரண்டு கையையும் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப குத்து. இல்லன்னா இவன் கண்ணுல மண்ண அள்ளிப் போடுவேன்" என்றான். இம்ரான், "அடிடா மோகன், பரவால்ல, அடி" என்று சொன்னானாம். நீ கண்ணை மூடிக்கொண்டு குத்தினாய். எவ்வளவு பலமாக என்று உனக்கே தெரியவில்லை. இதைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாக அழுதாய். "மா, அவன் பல்லு என் கைல குத்திச்சும்மா" என்று முட்டியைக் காட்டினாய்.

அங்கே அடித்தார்கள், ஸ்கூலில் அடித்தார்கள், வீட்டில் நான் அடித்தேன். ஒரு மாதம் முழுக்க உனக்குப் போக ஓர் இடம் இல்லை. ஒண்ணுக்கு வந்தால் யாரைக் கேட்பது என்று கேட்ட பிள்ளை, இதை யாரிடம் சொல்லியிருப்பான்?

இதற்குப் பிறகு நடந்தது உனக்கு அதிகம் தெரியாது. காது ஆபரேஷனுக்காக நீ பாட்டி துணையோடு வேலூரில் இருந்தாய். ஹெட்மாஸ்டர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்கூல் பேர் கெட்டுவிடும், வெளியே நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார். எட்வின் சார், "அப்ப நான் போலீஸ் ஸ்டேஷன்ல போய் நானே அடிச்சேன்னு எழுதிக் குடுக்கறேன். மத்ததையும் சேத்து எழுதறேன்" என்று சொன்ன பிறகுதான் பெற்றோர் கூட்டத்துக்குச் சம்மதித்தார். பாதி அம்மாக்கள் கம்பெனிப் பெண்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். வைத்தார்கள். ஆறாம் வகுப்புப் பெற்றோர் அறுபது எழுபது பேர் பிள்ளைகளோடு வந்தோம். என் பிள்ளை மட்டும்தான் பொறுக்கியாகிவிட்டான் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்து, தனித்தனியாக வீட்டில் போட்டு அடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். எட்வின் சார் விஷயத்தைச் சொன்னதும் ஒரு அம்மா எழுந்து தன் மகன் சட்டையைத் தூக்கினாள். அப்புறம் இன்னொருத்தி. எல்லா முதுகிலும் ஒரே அளவில் பக்கிள் அடையாளம். அதன் பக்கத்திலேயே எங்கள் கரண்டி அடையாளமும் துடைப்பக்கட்டை அடையாளமும்.

அப்போது விக்கியை இழுத்துக்கொண்டு அவன் அப்பா உள்ளே வந்தார். டேனரியில் தோல் ஊறுகிற டிரம் ஓட்டுகிறவர், கை உலக்கை மாதிரி இருக்கும். "இவன்தான? இவன்தான?" என்று கேட்டுக்கொண்டே இடுப்பு பெல்ட்டை உருவி, எங்கள் எல்லோர் எதிரிலும் அவனை விளாச ஆரம்பித்தார். பெஞ்சுகள் சாய்ந்தன. அவன் மேஜைக்கு அடியில் புகுந்தான், காலைப் பிடித்து வெளியே இழுத்து மறுபடி அடித்தார். "போடு, நல்லா போடு" என்று கூட்டத்தில் ஆண்களும் பெண்களும் கத்தினார்கள். மோகன், உன்னிடம் மறைக்க மாட்டேன். முதல் நாலைந்து அடி எனக்கு இனித்தது. உன் காதுக்கு இது, இம்ரான் பல்லுக்கு இது என்று மனதுக்குள் எண்ணினேன். பிறகு ஒரு அடி அவன் தலையில் விழுந்தது. அவன் இடது காதைப் பொத்திக்கொண்டான்.

நான் எப்படி நடுவில் போனேன் என்று தெரியவில்லை. அடுத்த அடி என் முன்கையில் விழுந்து பிளந்தது. அந்தத் தழும்பு மிஷினில் பட்டது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், பொய். எட்வின் சாரும் உங்கப்பாவும் அந்த ஆளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்கள். விக்கி மூக்கில் ரத்தம் ஒழுக எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினான்.

"என்னக்கூட இப்டிதான் ஜோடி போட்டாங்க! ஆறாவதுல! தெனம் ஒதச்சாங்க! அன்னிக்கு எவனாவது வந்தீங்களா? இந்த ஆளு அப்பவும் என்னதான் அடிச்சாரு!"

அவன் அப்பா பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அது என்ன பொருள் என்றே தெரியாதவர் போல நின்றார். பிறகு தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அன்று மத்தியானம் வரை யாரும் கலையவில்லை. பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை நாங்கள். மணல் பக்கத்து கேட்டைப் பூட்டினார்கள். சாயங்காலம் ஆறாவது பிள்ளைகளை ஒரு வாத்தியார் பஸ் ஸ்டாப் வரை கூட்டிப்போவது, பெற்றோரில் தினம் இரண்டு பேர் கேட்டில் நிற்பது என்று முடிவானது. நான் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு வாரம் ஒரு நாள் பர்மிஷன் வாங்கினேன். டைரியில் இனி யாரும் "கண்டிக்கவும்" என்று எழுதக் கூடாது. என்ன நடந்தது, பிள்ளை என்ன சொன்னான், இரண்டும் எழுத வேண்டும் என்று எட்வின் சார் சொன்னார். அவரே முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார், புகார் சொல்ல அல்ல, பிள்ளை வீட்டில் எப்படி இருக்கிறான் என்று கேட்க. அடுத்த ஜூனில் புதிதாக வந்த பிள்ளைகளோடு பெற்றோரையும் அரை நாள் வகுப்பில் உட்காரவைத்தார்கள். கக்கூஸ் எங்கே, தண்ணீர் எங்கே, பயந்தால் யாரிடம் போக வேண்டும் என்று நடத்திக் காட்டினார்கள். நான் லீவு போட்டுப் போய், அந்தப் பிள்ளைகளோடு ஒரு சுற்று சுற்றி வந்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். சண்டைகள் இருந்தன, ஜோடி மட்டும் நின்றது. விக்கி பத்தாவது முடிக்கவில்லை. உன் இடது காது பாதிதான் திரும்பக் கேட்டது. அதற்கும் பூச்சி உள்ளே போய்விட்டது என்று சொந்தக்காரர்களிடம் ஒரு கதை கட்டினேன், நீயும் அதையே சொல்லப் பழகிவிட்டாய். இம்ரானை மேல்விஷாரத்தில் மாமா வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார்கள். அவன் போகும்போது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். பர்வீன் ஆறு மாதம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்துகொண்டு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் ஊசி என் விரலில் ஏறி இறங்கியபோது அவள்தான் ஓடி வந்து சுவிட்சை அணைத்தாள். என் விரலைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு உன் புள்ளைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்க்கா. கேக்காம நேரா ஸ்கூலுக்குப் போய்ட்டேன்" என்றாள். நானும் கேட்கவில்லையே என்றேன். இரண்டு பேரும் லைன் நடுவில் நின்று அழுதோம்.

இப்போது உன் வகுப்புப் பையனுக்கு வருகிறேன். காம்பஸால் குத்தினவன் யாருக்கோ பயந்து குத்தியிருக்கலாம், கோபத்தில் குத்தியிருக்கலாம், உண்மையிலேயே முரடனாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, ஏனென்றால் நீ கேட்கவில்லை. உன் அறைக்குப் பிறகு அவன் கப்சிப் ஆனான் என்றாய். நீயும் அப்படித்தான் ஆனாய், ஒரு மாதம். அவன் அம்மா உன்னிடம் உண்மையைச் சொல்ல மாட்டாள். நீ சார், அவள் வாசல்படியில் நிற்பவள். பள்ளிக்கூடத்தில் பேச அவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான், எனக்கும் அது ஒன்றுதான் தெரிந்திருந்தது. என்னிடம் பேசுவாள். சனிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். வாணியம்பாடி வந்து ஆலங்காயம் பஸ் ஏறி மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். அவள் வீட்டுக்கு நாம் இரண்டு பேரும் போவோம். ஸ்கூலுக்கு அவளை வரச் சொல்லாதே.

அதற்கு முன்னால் உன் வகுப்பில் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கட்டு போட்ட காதோடு நீ திரும்பிப் போன அன்று, உன்னை அறைந்த அதே இடத்தில், முழு வகுப்பும் பார்க்க, எட்வின் சார் உன்னிடம் மன்னிப்புக் கேட்டார். நீ அதை வீட்டில் வந்து சொன்னாய். நான் அடுப்பைப் பார்த்தபடி, "சரி, கை கழுவிட்டு சாப்புடு" என்றேன். ஒரு வாத்தியாருக்கு வந்த தைரியம் எனக்கு வரவில்லை. அம்மா மகனிடம் அதையெல்லாம் கேட்பதா என்று நினைத்தேன். நீ வளர்ந்தாய், வேலைக்குப் போனாய், இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன், மோகன். உன்னை அடித்தேன். ஏன் என்று கேட்காமல் அடித்தேன். என்னை மன்னித்துவிடு.

அம்மா